விசில் ஊதியும் வெளியே வராதவள்

எண்பதுகளில் ஒரு வருஷம், குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்னால் அருவிக்கரையில் ஒத்திகை வைத்தார்கள். திடீரென்று வெள்ளம் வந்தால் கூட்டம் எப்படி ஓடும் என்று பார்க்க வேண்டுமாம். அப்போது நான் பெண்கள் குளிக்கும் பக்கத்தைக் கூட்டிக் கழுவும் வேலையில் இருந்தேன்.

எங்களில் பன்னிரண்டு பேரை அருவியில் நிற்க வைத்து, தீயணைப்பு அதிகாரி ஆளுக்கொரு குணம் கொடுத்தார். ஒருத்தி பயந்து அலற வேண்டும். ஒருத்தி பிள்ளையைத் தேட வேண்டும். ஒருத்தி நிதானமாக நடக்க வேண்டும். இன்னொருத்தி எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.

"இவ அத நடிக்கவே வேண்டாம்யா. தண்ணிக் குழாயில தெனமும் பாக்கோம்லா" என்று அவளைக் காட்டிச் சொன்னாள் என் கூட்டாளி.

என் முறை வந்தபோது நான் தலை நிமிரவில்லை. "நீங்க எப்பவும் போல இருங்கம்மா, போதும்" என்றார்.

விசில் ஊதினார். அலறல் கேட்டதும், நிதானமாக நடக்க வேண்டியவள் நிஜமாகவே ஓடினாள். நானும் இரண்டு எட்டு வைத்தேன். வழியின் இரண்டு பக்கமும் ஆண்கள் வேடிக்கை பார்த்து நின்றார்கள். ஈரச்சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. திரும்பிப் போய்ப் பாறையோரம் நின்றுகொண்டேன்.

"ஏட்டி, நீ செத்துட்டே! இனிமே ஒன் வீட்டுல யாரு சோறு பொங்குவா?" என்று கூட்டாளி வெளியிலிருந்து கத்தினாள்.

எங்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்குக் கோபம். "இவளுக்குக் காது மந்தம் போலுக்கு சார். இங்கன வச்சிருக்க முடியாது. நாளையிலருந்து வேற ஆளப் போட்டுருதேன்."

அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதிகாரி கிட்டே வந்தார்.

"விசில் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"பின்னே ஏன் வரலை?"

தரையைப் பார்த்தபடியே சொன்னேன்: "ஈரச் சேலையோட இத்தன ஆம்பளைங்க முன்னால எப்படிய்யா வர?"

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டாளிதான், "நெசமா குளிக்கும்போதுன்னா நானும் யோசிப்பேன்யா. இது வெளாட்டுன்னுதான் ஓடுனேன்" என்றாள்.

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். முதல் விசிலுக்கு வேடிக்கை பார்ப்பவர்கள் வழியை விட்டுப் போய்விட வேண்டும், அடுத்தாற்போல் ஊதுவது எங்களுக்கு என்று சொல்லி, மறுபடி நடத்தினார். நான் மூன்றாவது ஆளாக வெளியே வந்தேன்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு வெள்ளன வந்திரு" என்றார்.