தண்ணீர் பட்டதாகச் சொன்ன டேப்லெட்

பிரிச்சான் எனக்கு மருமகன் முறை. என் பெரியப்பா மகள் ஒருத்தி, நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுவோம், அவளுடைய நாலாவது பிள்ளை. மூத்தவன் லாரி வாங்கி விற்றான். நடுவில் இரண்டும் பெண்கள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருக்கிறார்கள். கடைக்குட்டி இவன். கையில் கிடைத்தது எதுவானாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். அதில் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் நிஜப் பெயரைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்த மாப்பிள்ளை?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவனுடைய செல்போன் ரிப்பேர் கடை. உள்ளே நீட்டிப் படுத்தால் கால் தெருவில் கிடக்கும், அவ்வளவுதான் இடம். முதல் மூன்று வருஷம் கடை ஓடவே இல்லை. வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வான். ஒரு செத்த போனோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, முடியவில்லை என்று திருப்பிக் கொடுப்பான். கல்யாணமாகி வந்தவள் ஒரு மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இங்க பாருங்க. பத்து பேர் வந்தா எட்டு பேருக்கு பேட்டரி, டிஸ்ப்ளே, இல்லன்னா சார்ஜ் போடுற எடம். அதை அன்னிக்கே முடிச்சுக் குடுங்க. மத்ததுல உங்க வீரத்தைக் காட்ட வேணாம்."

விலையை எழுதிச் சுவரில் ஒட்டினாள். செலவு செய்ய லாயக்கில்லாத போன் வந்தால், "இதுல போடுற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்க்கா" என்று கையோடு கொடுத்து அனுப்பினாள். அப்படித் திரும்பிப் போனவர்கள்தான் அடுத்த தடவை வீட்டிலிருக்கும் போனையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பிழைப்பு அதிலிருந்துதான் நிமிர்ந்தது.

போனுக்குள்ளே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், மிளகு அளவுகூட இருக்காது. தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். வாளியில் போட்டவரும் சரி, மழையில் நனைத்தவரும் சரி, ஒருத்தராவது உண்மையைச் சொல்லவேண்டுமே! "தண்ணிப் பக்கமே போகலம்மா" என்பார்கள். "அப்ப வெட்கத்துல சிவந்திருக்கும்ண்ணே" என்பாள் இவள்.

இப்படிப் பத்து வருஷம் ஓடிய கடையில்தான் அது நடந்தது.

டியூஷன் டீச்சர் ஒருத்தி பேட்டரி மாற்றச் சொல்லி டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பிரிச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைத் திறந்தாலும் அதன் படத்தை வெள்ளைத்தாளில் வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வைப்பான். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒன்றைவிட ஒன்று நகத்துண்டு அளவு நீளம். நீளமானதைக் கொண்டுபோய்க் குட்டையானதன் துளையில் முடுக்கினால், அடியிலிருக்கும் போர்டு போய்விடும். அன்று இரண்டு ஸ்க்ரூ தாளைவிட்டு உருண்டன. நாற்பத்தாறு வயதில் கிட்டப் பார்வை மங்கியதை வெளியே சொல்லாமல், விரலால் தடவித் தடவியே காலம் தள்ளிக்கொண்டிருந்தான் அவன். அன்றும் தடவிப் பார்த்துத்தான் போட்டான். கடைசி அரைச் சுற்றில் 'நொறுக்' என்று ஒரு சத்தம். டேப்லெட் அதோடு சரி.

பெண்டாட்டி பாங்குக்குப் போயிருந்தாள். டீச்சர் வந்து நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"உள்ள தண்ணி போயிருக்கு டீச்சர்."

எத்தனையோ பேரிடம் உண்மையாகச் சொன்ன வார்த்தை. வாய்க்குப் பழகியிருந்தது, வந்துவிட்டது. டீச்சர் சண்டை போட்டிருந்தாலாவது அவன் உண்மையைக் கக்கியிருப்பானோ என்னவோ. அவள் பெருமூச்சு விட்டாள். "எங்க மாமனார்தான் கொட்டியிருப்பாரு. வேற யாரு இருக்கா?" என்றாள். காசு வேண்டாம் என்று இவன் சொன்னதை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு, செத்த டேப்லெட்டோடு போனாள்.

மறுநாளே கண்ணாடி வாங்கிவிட்டான். "என்ன, திடீர்னு வாத்தியார் வேஷம்?" என்று பெண்டாட்டி கேட்டாள். தலைவலி என்றான்.

பத்து நாள் கழித்து, கடை திறந்த கையோடு ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, அவசரமாக வந்திருக்கிறார்.

"தம்பி, நான் டியூஷன் டீச்சரோட மாமனார். அந்த டேப்லெட்டுல தண்ணி கொட்டினது நான்தானாம்."

"எந்த டேப்லெட்டுங்க?" என்றாள் பெண்டாட்டி. பிரிச்சான் தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்லம்மா. அதான் பயமா இருக்கு. இருபத்தெட்டு வருஷம் பஸ்ல கண்டக்டர் நான். எவன் எந்த ஸ்டாப்புல ஏறினான், எவனுக்கு மீதி குடுக்கணும், ஒருநாள் பிசகினதில்ல. இப்ப தண்ணிய கொட்டிட்டு அதுகூடத் தெரியாம உக்காந்திருக்கேன். மருமக வீட்டுச் சாவிய வாங்கி வச்சுக்கிட்டா. தனியா வெளிய போகக் கூடாதாம். அவளைக் குத்தம் சொல்லல, பாவம், அவளுக்கும் பயம். குளிக்கப் போனா, நான் நழுவி வந்துட்டேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"இதுல எப்படியாவது சரி பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. நெறைய போயிருந்துச்சா, கொஞ்சமா? கொஞ்சம்னா, கவனிக்காம விட்டுட்டேன்னு மனசைத் தேத்திக்குவேன்."

தண்ணீர் போன சாமான் ஒன்று தன் கண்ணில் படாமல் கடையைவிட்டுப் போனதில்லை என்று அவளுக்குத் தெரியும். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஸ்டிக்கர் சிவந்திருந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"ஸ்க்ரூ மாத்திப் போட்டுட்டேன்."

பெரியவருக்கு விளங்கவில்லை. "அப்ப தண்ணி?"

"தண்ணியே போகலைங்கய்யா. நான் பொய் சொன்னேன்."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

"அட படுபாவி!" என்றார் அவர். அதைச் சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, "படுபாவி, படுபாவி" என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

"இங்க சொன்னாப் பத்தாது. எந்திரிங்க" என்று நோட்டுகளைப் பெரியவர் கையில் திணித்துவிட்டு ஷட்டரை இறக்கினாள் இவள்.

பெரியவரோடு அவர் வீட்டுக்குப் போனபோது, டீச்சர் ஈரத்தலையோடு தெருவில் நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா! சொல்லாம கொள்ளாம எங்க போனீங்க?" என்று கத்திக்கொண்டு வந்தவள், பின்னால் இவர்களைக் கண்டு நின்றாள். பிரிச்சான் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னான். அவள் நம்பவில்லை, மாமனாரைக் காப்பாற்றுவதற்காக இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தாள். டேப்லெட்டைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே திறந்து, ஸ்டிக்கர் வெள்ளையாக இருப்பதைக் காட்டினான்.

"பத்து நாளா இவருக்கு டம்ளர்ல பாதிதான் தண்ணி ஊத்திக் குடுத்தேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள் டீச்சர். "காசு வாங்கலையேன்னு உங்களை வேற பெரிய மனுஷன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

பிரிச்சான் டேப்லெட்டை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டான். வேறு போர்டு போட்டு மறுநாளே டேப்லெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் பக்கம் வரவில்லை. அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளும் வரவில்லை. இரண்டு மூன்று மாதம் கடை இளைத்துப்போனது. பிரிச்சான் யாரையும் குறை சொல்லவில்லை. இதெல்லாம் அவன் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று வாசலில், எல்லாரும் பேசி ஓயும்வரை பெரியவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். பிறகு, "அப்ப சாவி?" என்று கேட்டார்.

டீச்சர் உள்ளே போய் எடுத்துவந்து, அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"மாமா, சாப்பிட்டுப் போங்க."

"வந்து சாப்பிடுறேன்மா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.