கயிற்றோடு போன கருங்குரங்கு

குமரி இன்னும் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கடைசி வருடங்கள். தடிக்காரன்கோணத்துக்கு மேலே, மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. தலைப்பிள்ளை பெற்றிருந்தேன், அதோடு மூச்சிழுப்பும் வந்து சேர்ந்திருந்தது. மழை வருவதை வானத்துக்கு முன்னால் என் நெஞ்சு அறியும். மடியில் வைத்துப் பால் கொடுக்கப் பயம். மூச்சு முட்டிக் கைநழுவ விட்டுவிட்டால்? பாயில் கிடத்தி, பக்கத்தில் சரிந்துதான் கொடுப்பேன்.

கருங்குரங்குதான் மருந்து என்றார் வைத்தியர். எங்கள் பக்கத்தில் இழுப்புக்கு அதைத்தான் சொல்வார்கள். ரத்தத்தைச் சூடு ஆறுவதற்குள் நான் குடிக்க வேண்டும். இறைச்சியில் லேகியம் கிண்டுவார். அதனால் உயிரோடு வேண்டும். இரை எடுக்கிறதாகவும் இருக்க வேண்டும். பட்டினி கிடந்த உடம்பில் மருந்து இருக்காதாம்.

வேட்டைக்காரர் நாட்கணக்காக அலைந்தார். முன்பெல்லாம் காலையில் போனால் மத்தியானத்துக்குள் ஒன்றோடு திரும்பிவிடுவாராம். ஒன்று கூப்பிட்டால் மலைக்கு மலை பதில் சொல்லுமாம். ரப்பர் வைக்கக் காட்டை வெட்டினார்கள், மருந்துக்கென்று சுட்டார்கள், இப்போது மலை ஊமையாகிவிட்டது என்று, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோலச் சொன்னார். கடைசியில் ஒன்று கண்ணியில் விழுந்தது. பெரிய கடுவன், ஆண்குரங்கு. உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் மட்டும் வைக்கோல் நிறம். இடுப்பில் கயிறு போட்டு முற்றத்துப் பலாவில் கட்டினார்கள். வைத்தியர் மறுநாள் வருவதாக ஏற்பாடு.

அது எதையும் தின்னவில்லை. பழம், சோறு, தேங்காய்க் கீற்று எல்லாம் எறும்புக்குத்தான் போயிற்று. என் கணவரின் அக்காளை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவர் இடுப்பில் கைவைத்து நின்று சொன்னார்:

"சவத்துக்கு இஞ்ச உள்ளது ஒண்ணும் பிடிக்கல்ல. காப்பிக்கடையில தோசை வாங்கிட்டு வரணுமோ என்னமோ."

எனக்கு ஒரு யோசனை தோன்றி, வேலியோரத் தேக்கில் கிளை ஒடித்துப் போட்டேன். அது இலையை எறிந்துவிட்டுக் காம்பை மட்டும் கடித்துத் தின்றது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். கொல்வதற்காக ஊட்டுகிறேன் என்பது, கிளை மொட்டையான பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் விடியும்போது அது கூப்பிட்டது. அடிவயிற்றிலிருந்து எழும்பிய ஊளை. கூரை ஓடுகள் அதிர்ந்தன, பிள்ளை விழித்து அழுதது. குரங்கு கூப்பிட்டு முடித்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். மலை பேசவில்லை. இழுப்பு வரும்போது நான் கூப்பிட்டு யாருக்கும் கேட்காமல் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். அந்தப் பயம் அங்கே பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

பதில் வந்தது. எங்கோ தொலைவில், மெலிந்து, ஒரே ஒரு குரல். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டு முடிக்கவில்லை, முற்றத்தில் நின்ற வேட்டைக்காரர் துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

"மேல இன்னொண்ணு கெடக்கு. ஒத்தக் கொரலுதான், அதையும் விட்டா வேற கெடையாது பாத்துக்கிடுங்க. லேகியத்துக்கு ஆச்சு. வைத்தியரு வாறதுக்குள்ள எடுத்துட்டு வந்திருவேன்."

துணைக்கு என் கணவரும் போனார்.

முற்றத்துக் குரங்கு மறுபடி வாயைக் குவித்தது. இது கூப்பிட்டால் அது பதில் சொல்லும்; பதில் சொன்னால் துப்பாக்கிக்கு வழி தெரிந்துவிடும். ஓடிப்போய்த் தேக்குக்கிளையை நீட்டினேன். காம்பைக் கடிக்கிற வாயால் கூப்பிட முடியாதே. ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று, அது தீர்ந்ததும் இன்னொன்று. கைக்கு எட்டுகிற கிளையெல்லாம் தீர்ந்தபோது அடுக்களையிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்து வந்தேன். அது பல்லைக் காட்டியது. கிட்டப் போகத் தைரியம் வராமல் எட்டியே கயிற்றை வெட்டினேன். ஒரு முழக் கயிறு இடுப்பில் தொங்க, பலாவிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தேக்குக்கு, அங்கிருந்து காட்டுக்கு. ஒரு சத்தம் இல்லை.

அதன் பிறகுதான் நினைப்பு வந்தது. என் மருந்து ஓடிவிட்டது. நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. திரும்பினால் வாசலில் மைனி, இடுப்பில் என் பிள்ளை.

"ஏட்டி, ஒனக்கு என்னமும் ஆச்சுன்னா இந்தப் பிள்ளைய ஆரு பாப்பா?"

நான் பலாவைப் பிடித்துக் குனிந்து மூச்சை இழுத்தேன். மைனி பிள்ளையைத் தோளுக்கு மாற்றினார். பிறகு, "அந்தக் கத்திய உள்ள கொண்டு வை" என்றார்.

வெயில் ஏறியபோது மலையில் ஒரு வெடிச்சத்தம். இரண்டில் எது? அல்லது குறி தவறி என்னவரா? வாசலுக்கும் வேலிக்கும் நடந்தேன். நடக்க முடியாமல் உட்கார்ந்தேன். அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அப்புறம் குரலே கேட்கவில்லையாம். ஒரு கிளை ஆடியதாம், சுட்டாராம்.

"கயித்தக் கடிச்சு அறுத்துப்போட்டு ஓடிட்டு," என்றார் மைனி, யாரும் கேட்பதற்கு முன்னால்.

வேட்டைக்காரர் மரத்தில் கிடந்த கயிற்றின் நுனியைத் திருப்பிப் பார்த்தார். கத்தி பட்ட நுனி, பிசிறே இல்லை. மைனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றைப் போட்டுவிட்டுப் போனார். என் கணவர் என் பக்கம் திரும்பாமல் மிச்சக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். வைத்தியர் வந்து, முனகிக்கொண்டே ஆடாதோடைக் கஷாயத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

இழுப்பு என்னை விடவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை. அன்று பாயில் கிடந்த பிள்ளை இன்று என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறான். கருங்குரங்கைச் சுட்டால் சிறை என்று சட்டமே வந்துவிட்டது. மேலே எத்தனை மிச்சம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூச்சு முட்டி விழிக்கிற விடியல்களில் அந்த ஒரு முழக் கயிறு எந்தக் கிளையில் சிக்கியிருக்குமோ என்று இன்றும் பதறுகிறேன். பிறகு மலைக்குக் காது கொடுக்கிறேன். ஒரு குரல் கேட்டால் போதாது. அதற்கு இன்னொன்று பதில் சொல்லும்வரை என் மூச்சு இறங்குவதில்லை.