ராயக்கோட்டையில் இறக்கிவிடப்பட்ட தாய்மாமன்

போன தை மாதம், ஓசூரிலிருந்து தர்மபுரிப் பக்கம் போகும் காலைப் பாசஞ்சர் ரயிலில் நடந்தது இது. அன்றைக்கு என்னதான் ஆச்சு என்று யாராவது கேட்டால், இப்போதும் முதலில் கொஞ்ச நேரம் திருதிருவென்று முழித்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். ஓசூரில் வண்டிக்கான உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. லீவு நாளில் எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு நடப்பது. ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குவேன். வரப்பு, வண்டித்தடம், ஏரிக்கரை என்று கால் போன போக்கில் போய் அடுத்த ஸ்டேஷனில் ரயில் பிடித்துத் திரும்புவேன். "டிக்கெட் எடுத்துப் போயி நடக்குற ஒரே ஆளு நீதாண்டா" என்று அறை நண்பர்கள் ஓட்டுவார்கள்.

அன்று நடக்கக் கிளம்பவில்லை. என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் எங்கள் வழக்கம். கூடப் பிறந்த மாமன் என்று அந்தக் குழந்தைக்கு நான் ஒருவன்தான். ஆனால் தங்கையின் வளைகாப்புக்கு நான் போகவில்லை. குழந்தைக்குப் பேர் வைத்த அன்றும் போகவில்லை. இரண்டு தடவையும் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. "உங்கண்ணன் கம்பெனியவே கட்டிக்கிட்டாரா?" என்று புகுந்த வீட்டில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மரத்துப் போய்விட்டது. இந்தத் தடவை நான் வராவிட்டால் என் பெரியப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுவோம் என்று மாப்பிள்ளையின் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தங்கை போனில், "வந்துருவியாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் அவளுக்கே நம்பிக்கை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. மனசு சுருக்கென்றது.

நைட் ஷிப்ட் முடிந்ததும் லாக்கரில் வைத்திருந்த சீர்ப் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டமாக ஓடினேன். தங்கைக்குப் புடவை, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, தட்டு, வெற்றிலை பாக்கு, தோடு எல்லாம் அதில்தான். எங்கள் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓடின ஓட்டத்தில் அதைத் திரும்ப வாங்கவில்லை. யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

ரயிலில் மூலை சீட் காலியாக இருந்தது. சீர்ப் பையை மேலே வைத்தேன். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஓசூர்க் குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குரங்குக் குல்லா, அதற்குமேல் மப்ளர், கண் மட்டும்தான் வெளியே. உட்கார்ந்ததுதான் தெரியும்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "தம்பி, லேப்பா, எந்திரி! ராயக்கோட்டை வந்துருச்சு!" எதிரில் ஓர் அக்கா, பக்கத்தில் காலிப் பூக்கூடைகள். விடியற்காலையில் ஓசூர் மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர் என்று தெரிந்தது. "நான் இங்க இல்லீங்க" என்றேன். பெட்டியே சிரித்தது. "தெனமும் இதேதான்" என்றார் அந்த அக்கா.

"எனக்கு மாரண்டஹள்ளிங்க."

"நேத்து பாலக்கோடுன்ன. மொத நாளு வூடே இல்லன்ன. எந்திரி சாமி, ரயிலு நிக்காது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன். வேண்டாம் என்னும்போதெல்லாம் பிடி இறுகுகிறது. டிபன் பையைக் கழுத்தில் மாட்டி, அலுங்காமல் குலுங்காமல் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார்கள். ரயில் நகரும்போது அந்த அக்கா ஜன்னல் வழியாக, "நேரா வூட்டுக்குப் போயிப் படு, எங்கியும் குந்திராத!" என்று சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் தூக்கம் முழுசாகக் கலைந்தது. சீர்ப் பை ரயிலோடு போய்விட்டது. கையில் போன் இல்லை. பனியில் பிளாட்பாரத்தின் மறுகோடிகூடத் தெரியவில்லை. ஸ்டேஷனில் சொல்லி அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு மறுநாள்தான் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள்.

தங்கையைக் கொடுத்த ஊர் ராயக்கோட்டைக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு லீவு நாளில் நடந்திருக்கிறேன். நடக்க ஆரம்பித்தேன்.

அந்த நடையைப் போல் ஒரு நடை எனக்கு வாய்த்ததில்லை. இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம். பனியில் எல்லாத் தடமும் ஒரே தடமாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்ற கால் ஒரு பக்கம் போனது, புத்தி ஒரு பக்கம் போனது. அந்த அக்காவை எனக்குத் தெரியுமா? தெரியாத ஒருவர் இவ்வளவு உரிமையாகத் திட்டுவாரா? ஒருவேளை தூக்கத்தில் நானே ராயக்கோட்டை என்று உளறினேனா? ஒரு கட்டத்தில், ராயக்கோட்டையில் எனக்கு நிஜமாகவே ஒரு வீடு இருந்து அதை நான்தான் மறந்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. கவனமில்லாமல் தப்பான தடத்தில் போய் ஒரு கிணற்று மேட்டில் முட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஓர் இடத்தில் நின்றேவிட்டேன். ராகுகாலத்துக்கு முன்னால் குத்தியாக வேண்டும்; போய்ச் சேர முடியுமா என்று தெரியவில்லை. சேர்ந்தாலும் என்ன சொல்வது? யாரோ எழுப்பி இறக்கிவிட்டார்கள் என்றால் பச்சைக் குழந்தைகூட நம்பாது. சீரும் இல்லாமல் வெறுங்கையோடு போய்த் தங்கையைத் தலைகுனிய வைப்பதைவிட அப்படியே ஓசூருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். வழக்கம்போல் அண்ணன் வரவில்லை என்று பேசி முடித்துவிடுவார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகவும் வழி சரியாகத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், நான் முன்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊர் எல்லையில் முனியப்பன் கோயில், காதுகுத்து அங்கேதான். தூரத்திலேயே சத்தம் கேட்டது. மேளச் சத்தம் இல்லை, சண்டைச் சத்தம். ஒரு பெண் குரல் மட்டும் ஓங்கி ஒலித்தது.

"நான் பண்ணுன தப்புக்கு இந்தப் புள்ள யாரு மடியிலியோ குந்திக் காது குத்திக்கணுமா? ராகுகாலத்துக்கு இன்னும் நேரங்கெடக்குது. அந்தாளு வருவாரு. நான் சொல்றன், வருவாரு!"

பூக்கூடைகள் வேப்பமரத்தடியில் இருந்தன. அந்த அக்கா, காது குத்தும் ஆசாரிக்கும் குழந்தைக்கும் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பெரியப்பா மகன் புது வேட்டியோடு பலகையில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தான். என் சீர்ப் பை தங்கை கையில் இருந்தது.

என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை ஓடி வந்தார். "எங்க மச்சான் போனீங்க!" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னார். அந்த ரயிலில் தினமும் ஓர் ஆள், அதே யூனிபார்மில், அதே மூலையில் தூங்கிக்கொண்டு வருவாராம். ராயக்கோட்டையில் அவரை எழுப்பி இறக்கிவிடுவது அங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. தூக்கத்தில் தான் என்ன சொன்னாலும் கேட்காமல் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று அந்த ஆளே சொல்லி வைத்திருக்கிறார். அன்று அவர் வரவில்லை. ரயில் கிளம்பிய பிறகு மேலே இருந்த பையைத் திறந்து பட்டுப் பாவாடையைப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாராம். மாரண்டஹள்ளியில் இறங்கி, "மாமனுக்காகக் காத்திருக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று பிளாட்பாரம் முழுக்கக் கூவியிருக்கிறார். என்னை அழைத்துப்போக வண்டியோடு நின்ற மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் கையைத் தூக்கியிருக்கிறார். அக்கா பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வண்டியில் ஏறிக் கோயிலுக்கே வந்துவிட்டார்.

பெரியப்பா மகன் துள்ளி எழுந்தான். யூனிபார்மோடு உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். அதற்கு என்னைத் தெரியாது. குல்லாவையும் யூனிபார்மில் ஒட்டியிருந்த சேற்றையும் பார்த்து, குத்துவதற்கு முன்பே வீறிட்டது. ஆசாரி குத்தியபோது அதன் அழுகையில் என் அழுகை யாருக்கும் தெரியவில்லை.

பந்தியில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திட்டு விழுந்தது. "இல்ல இல்லன்னு முனகுனியே, முகத்துல இருந்த துணிய எடுக்கணும்னு தோணலியா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்கொண்டார். ராயக்கோட்டைக்காரரை இனி எழுப்புவீர்களா என்றேன். "பின்ன? வுட்டா அவன் சேலம் போயிருவான்" என்றார்.

அவர் போன பிறகு தங்கை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "ண்ணா, கோச்சுக்காத. நீ வரமாட்டன்னு நெனச்சு, குத்திருங்கன்னு நானே சொல்லிட்டன். அந்தக்காதான் வுடல."

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் நினைத்ததில் தப்பும் இல்லை. நான் பாதி வழியில் திரும்பிப் போக நின்றதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. என்னைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் நான் வரமாட்டேன் என்றாள். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத ஒருவர், வருவேன் என்று ஊரோடு சண்டை போட்டார். அந்த நேரத்தில் எனக்கே அது தெரியாமல் இருந்தபோது அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று நினைக்க நினைக்க, இன்றைக்கும் எனக்குக் குழப்பமாகவும் இருக்கிறது, தெம்பாகவும் இருக்கிறது.