முடிஞ்சதும் சொல்லுங்க மாப்பிள்ளை

சினிமா என்றால் எனக்கு ரத்தம் தெறிக்க வேண்டும். தெறிக்காத படத்தில் கொட்டாவிதான் வரும். கதாநாயகன் அருவாளைத் தூக்கினால் தியேட்டரில் முதல் விசில் என்னுடையது. கல்யாணமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பள்ளிபாளையத்தில் எங்கள் தெருக் கறிக்கடையில் மட்டும், கடைக்காரர் கூண்டிலிருந்து கோழியை எடுத்ததும் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு போனை நோண்டுவேன். அது வேறு, இது வேறு என்று வைத்திருந்தேன்.

என் மாமனார் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பும் மாடுமாக இருப்பவர். குலசாமி கோயிலில் கிடாய் வெட்டு என்றால் பங்காளிகள் எல்லோருக்கும் அவர்தான் அருவாள் பிடிப்பார். ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு என்ற பேச்சே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வெட்டுக்குத்துப் படம் தாலாட்டு மாதிரி இருக்கும் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

ஒரு நாள் மத்தியானம் ஏதோ வேலையாகத் திருச்செங்கோட்டுக்கு வந்தவரை நானும் என் மனைவியும் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வில்லன் ஒருத்தனுடைய விரலை நறுக்கினான். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“முடிஞ்சதும் சொல்லுங்க மாப்பிள்ளை.”

முடிந்ததும் சொன்னேன். அடுத்த குத்துக்கு மறுபடியும் துண்டு ஏறியது, மறுபடியும் சொன்னேன். இப்படியே ஐந்தாறு தடவை. எனக்குப் பாதிப் படம் இதிலேயே போயிற்று. முன்வரிசையில் ஒரு வாண்டுப் பெண் பப்ஸைக் கடித்தபடி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே கிடாய் வெட்டுகிற மனிதர் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. இடைவேளையில் அவருக்கும் பப்ஸ் வாங்கித் தந்தேன். தக்காளி சாஸ் பட்ட மூலையைப் பிய்த்துக் காகிதத்திலேயே ஒதுக்கிவிட்டார்.

நீங்கள் வெட்டாத வெட்டா என்று கேட்டேன்.

“நாம கெடாகிட்டக் கேட்டுப்போட்டுத்தானுங்க வெட்டறோம். இவனுங்க ஒருத்தங்கூட ஒரு வார்த்தை கேக்கலீங்களே” என்றார்.

எங்கள் பக்கம் அப்படித்தான். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறுகிறவரை அருவாளை ஓங்கக் கூடாது. வில்லனிடம் போய்ச் சம்மதம் கேட்டால் படம் எப்போது முடியும் என்று நான் சிரித்தேன்.

கடைசிச் சண்டையில் துண்டு ஏறியது இறங்கவே இல்லை. முடிந்ததா, முடிந்ததா என்று இரண்டு முறை கேட்டார். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. முடிந்துவிட்டது மாமா என்றேன். நம்பித் துண்டை இறக்கினார். திரையில் அப்போதுதான் ஒரு தலை உருண்டு உருண்டு எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. மாமனார் எழுந்தார். செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே போய்விட்டார். செருப்பை எடுத்துக்கொண்டு நான்தான் பின்னால் ஓடினேன்.

திட்டியிருந்தால் தேவலை. அதுவரை போன் செய்தால் மகளிடம் பேசிவிட்டு, “மாப்பிள்ளைகிட்டக் குடு சாமி” என்பார். அது நின்றுபோயிற்று. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். மழை, மாடு, அரசியல் என்று அவரோடு பேசாத வாரம் வாரமாகவே இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்று வீட்டில் எகிறினேன்.

“எங்கப்பா உங்கள நம்பித்தானுங்க கண்ண மூடுனாரு” என்றாள் மனைவி.

மாசியில் குலசாமி கோயிலில் கிடாய் வெட்டு வந்தது. கயிற்றை மூத்த மாப்பிள்ளை பிடிக்கட்டும் என்று யாரோ என் கையில் கொடுத்துவிட்டார்கள். மாமனார் அருவாளோடு நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள். கிடாய் உதறவில்லை. இரண்டாவது குடமும் ஊற்றியாயிற்று. அது கழுத்து மாலையை எட்டித் தின்ன ஆரம்பித்தது.

குடும்பத்தில் யாரோ குறையை மனசில் வைத்திருக்கிறீர்கள், சொல்லிவிடுங்கள் என்றார் பூசாரி. சின்ன மாமனார் வரப்பை ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டியதை ஒத்துக்கொண்டார். மூன்றாவது குடம் ஊற்றியும் கிடாய் உதறவில்லை, மாலைதான் குறைந்தது. நான் வேறு குலம், என் தப்பு இந்தச் சாமியின் எல்லைக்குள் வராது என்று தைரியமாக நின்றிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். அப்புறம் கிடாயும் என்னைப் பார்த்தது.

“முடியறக்கு முன்னாலயே முடிஞ்சுதுன்னு சொல்லிப்போட்டனுங்க மாமா. தப்புத்தானுங்க” என்றேன்.

விஷயம் தெரிந்ததும் கூட்டமே சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார். கிடாய் சட்டென்று உடம்பை ஓர் உதறு உதறியதில் என் வேட்டியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. மூன்றாவது குடத்துத் தண்ணீர் காதுக்குள் போயிருக்கும் என்று இன்றைக்கும் என் மனைவியிடம் சொல்கிறேன். அவள் நம்புவதில்லை.

அருவாள் மேலே ஏறியது. விசிலடிக்க வேண்டிய நான், கறிக்கடையில் நிற்பதுபோல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மாமனார் ஓங்கிய கையை இறக்கினார். கயிற்றை வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டார்.

“கண்ண மூடிக்கங்க மாப்பிள்ளை. முடிஞ்சதும் நாஞ் சொல்றேன்.”

துண்டுக்குள் கருப்பட்டிப் புகையிலை வாசம். ஒரு சத்தம் கேட்டது. அவர் சொல்லவில்லை. மேளம் அடித்து ஓய்ந்தது. சொல்லவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம், மண்ணைக் கூட்டுகிற சத்தம். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் தோளில் கை வைத்து, முடிந்துவிட்டது மாப்பிள்ளை என்றார்.

நான் உடனே துண்டை எடுக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அப்புறம் மெல்ல எடுத்துப் பார்த்தேன். எதிரே ஈர மண்தான் இருந்தது.