பூமி ஆமென்ற சாயங்காலம்

நந்திதுர்க்கில் எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே, தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் சனிக்கிழமை சாயங்காலம் மைக் வைத்துக் கூட்டம் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம், முடிக்கும்வரை குறுக்கே யாரும் பேசக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த நாள்முதல் பார்க்கிறேன், ஒரு பொம்பளை ஏறியதில்லை. கூடாதென்று யாரும் சொன்னதில்லை. வாம்மா என்று கூப்பிட்டதுமில்லை.

அன்று ஏறியவர் ஒரு மேஸ்திரி. வெண்கலக் குரல். பேச்செல்லாம் ஒரு தெலுங்குக்காரியைப் பற்றி. புருஷன் சுரங்கத்தில் செத்தபின் கம்பெனியில் பெருக்கும் வேலை கிடைத்து, தொழிலாளர் லைன் வீடுகளில் ஒன்றில் தனியாக இருந்தாள். கூட்டத்தின் ஓரத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், பாவம்.

"தாலியறுத்தவ மூஞ்சில முழிச்சிட்டு ஷிப்டுக்குப் போனா வூடு திரும்ப முடியுமா? நம்ம ஜனமும் இல்ல, நம்ம பாஷையும் இல்ல. லைன வுட்டு அனுப்பணும். இன்னா சொல்றீங்க?"

அந்த நேரம் பார்த்துத் தரை அதிர்ந்தது. கடையில் மிட்டாய் ஜாடிகள் கிலுகிலுவென்று ஆடின.

அடியில் பாறை வெடித்தால் அப்படித்தான் அதிரும். அதிர்ந்தால், அடுப்பில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, கீழே போனவன் மேலே வந்தானா என்று பார்க்க ஷாப்டுக்கு, அதாவது சுரங்க வாய்க்கு, ஓடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று யாரும் ஓடவில்லை.

"பாத்தீங்களா, பூமியே ஆமான்னுது!" என்றார் மேஸ்திரி.

தலைகள் ஆடின. புருஷனையும் பிள்ளையையும் கீழே அனுப்பியிருந்த ஜனம், அசையாமல் ஒலிபெருக்கியையே பார்த்து நின்றது. தினமும் என்னிடம் புளி வாங்கும் முகங்கள்தானா இவை? கீழே அனுப்ப யாருமே இல்லாத அந்தத் தெலுங்குக்காரியை மட்டும் காணோம். அவமானம் தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

பொழுது சாயும் நேரம், அவளை அனுப்பச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் மேஸ்திரி. ஒரு சத்தமில்லாமல் அத்தனை கைகளும் எழுந்தன. அப்போது மூச்சிரைக்க ஓடிவந்தாள் அவள். யாரும் கூப்பிடாமலே ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"அந்தரூ பைகி வச்சேசாரு" என்றாள். எல்லோரும் மேலே வந்துவிட்டார்களாம்.

"தமிழ்ல பேசு!" என்று ஒருவன் கத்தினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அட கட்டையில போறவனே! குறுக்கே பேசக்கூடாதுன்றது உங்க சட்டந்தானே? அவளுக்கு மட்டும் இல்லியா?" என்று கல்லாவிலிருந்தே கத்தினேன்.

மேஸ்திரியின் முகம் வெளுத்திருந்தது. அவருடைய தம்பி அன்றைய ஷிப்டில் கீழே போயிருந்தான். அவளுடைய தெலுங்கிலேயே, குரல் உடைய, தம்பி வந்தானா என்று கேட்டார்.

அவள் தமிழில் பதில் சொன்னாள். ஒலிபெருக்கி அதைத் தெரு முழுக்கச் சொன்னது.

"வந்துட்டாருங்க. கையில காயம். ஷாப்டு வாசல்ல குந்திக்கினு கீறாரு. வூட்லேந்து யாருனா வந்தாங்களான்னு கேட்டாரு. நான் இன்னாங்க சொல்றது?"

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.