இரண்டு கோகிலாம்பாள், இரண்டு ஓட்டு

காலை 8.10. வில்லியனூரில் பாகூர் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய், தூரம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கையில் ஒரு கடிதம். அதில் என் விவரம்: கோகிலாம்பாள், கணவர் திருக்காமி, வயது நாற்பத்தேழு. இதே விவரத்தில் பாகூரிலும் ஒருத்தி இருக்கிறாளாம், அதனால் இருவரும் ஒரே ஆளாம். வேறு வேறு ஆள் என்று இன்று மாலை நான்கு மணிக்குள் வில்லியனூர் அலுவலகத்தில் நிரூபிக்காவிட்டால் வாக்காளர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கிவிடுவார்களாம். நீக்கிவிடுவார்களா? பார்க்கலாம்!

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வில்லியனூர்க் கோயிலில் வேண்டிப் பிறந்த ஆணுக்குச் சாமி பெயர் திருக்காமி, பெண்ணுக்கு அம்மன் பெயர் கோகிலாம்பாள். திருக்காமிக்கு ஒரு கோகிலாம்பாள் அமைந்துவிட்டால் ஜாதகத்தைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் கல்யாணம் ஆனது.

ஏம்பலம் தாண்டி ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தோம். 9.25க்குப் பாகூர். டீக்கடையில் விசாரித்தேன்.

“எந்தக் கோகிலா? இந்த ஒரு தெருவுலயே மூணு பேரு கீறாங்க.”

“வூட்டுக்காரர் பேரு திருக்காமி.”

“அப்பவும் ரெண்டு பேரும்மா!”

நாற்பத்தேழு வயதுக்காரி ஏரிக்குக் கீழே நடவில் இருந்தாள். வரப்பில் நின்று யாரென்று சொல்லி, அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். அவளுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. சேற்றுக் கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் வந்தா எம் பேரை எடுத்துட்டு உன் பேரை வெச்சிக்குவாங்க. அதுக்குத்தான வந்த?”

சுருக்கென்றது. “ரெண்டு பேரும் ஒண்ணா போய் நின்னா எப்படிடி ஒரே ஆளும்பாங்க? வா, இன்னா ஆவுதுன்னு பாத்துடலாம்” என்றேன். மிச்சமிருந்த நாற்றைப் பார்த்தாள். பிறகு வாய்க்காலில் கையைக் கழுவி, வரப்பில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

பகல் 12.15. வில்லியனூரில் அலுவலகம். “கோகிலாம்பாள்!” என்று எழுத்தர் கூப்பிட்டார். இருவரும் எழுந்தோம். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் தப்பை ஒத்துக்கொள்வாரா?

“குழப்பம் வராம, யாராவது ஒருத்தர் பேரை மாத்திக்குங்களேன்மா.”

பாகூர்க்காரி மேசையில் கையை ஊன்றினாள். “சாமிகிட்ட கேட்டு வெச்ச பேரு சார், மாத்த மாட்டோம். நீங்க எழுதுங்க, நாங்க உக்காந்துகினு கீறோம்.”

உட்கார்ந்தோம். அவர் சாப்பிடப் போனார், வந்தார், நாங்கள் அசையவில்லை. 3.05க்கு, இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று எழுதி முத்திரை குத்தினார். ஆளுக்கொரு தாள்.

பாகூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினால், அவள் ஏறும்போது வாங்கி மாட்டிக்கொண்ட பை இன்னும் என் தோளில்!

“ஏய் கோகிலா!” என்று கத்தினேன். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். எத்தனை கோகிலாவைத்தான் பட்டியலிலிருந்து நீக்குவார்கள், நீக்கட்டுமே பார்க்கலாம்!