மணல் சுடும் என்று சொல்ல மறந்த சனிக்கிழமை

போன கிழமை யூனியன்வில்லில் மகள் வீட்டு வாசலில் குந்தியிருந்து பேத்தியின் சப்பாத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கவிழ்த்ததும் ஒரு சிறங்கை மணல் தரையில் கொட்டியது.

“ஐயோ அப்பா, இப்பதானே வக்கியூம் பிடிச்சனான்!” என்று குசினியில் இருந்து மகளின் குரல் வந்தது.

நான் அதைக் கூட்டி அள்ளுவதற்குப் பதிலாக ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ஈரம் காய்ந்த துணிச் சப்பாத்தின் வாசனைக்குக் கீழே ஏரியின் வாசனை மெல்ல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மணல்மலைக்குப் போய் வந்திருந்தார்கள். ரொறன்ரோவில் இருந்து கிழக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் ஒன்ராறியோ ஏரிக்கரையில் அந்த மணல்மேடுகள் வரும். மலை என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர் யாரும் மேடு என்று சொல்லமாட்டார்.

உங்களுக்கு மறைப்பதில் என்ன இருக்கிறது? அந்த மணல்மலையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதைப் பற்றி ஆயிரக்கணக்கான பேருக்கு விளக்கம் சொன்னவன் நான். சம்பளமும் வாங்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் ஒரு அறை. நகர மத்தியில் சுற்றுலா விசாரணைக் கந்தோர் ஒன்றில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் நல்ல சுத்தமாக இருக்கிறது என்று எடுத்தார்கள். சுத்தம் கூடிப்போய், அழைத்தவர்களில் பாதிப்பேர் “மறுபடி சொல்லுங்கள்” என்றார்கள் என்பது வேறு கதை. பச்சை நிறத் தொலைபேசி, காதை அழுத்தும் கருவி, முன்னால் ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு தாள். காலை எட்டு மணிக்குப் பூங்காக்காரர்கள் அழைத்து அன்றைய நிலைமையைச் சொல்வார்கள். நான் எழுதுவேன். பிறகு நாள் முழுக்க அதையே வாசிப்பேன்.

மணல்மலையில் இருந்து பேசுகிறவர் வோல்ட்டர் என்ற காவலர். சொற்களை எண்ணி எண்ணித்தான் வெளியில் விடுவார். காற்று எந்தப் பக்கம், ஏரித் தண்ணீர் எவ்வளவு குளிர், மணல் எப்படி. அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்றை வைத்தே ஒரு வருடத்தின் பருவமெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரலில் வடக்குச் சரிவில் இன்னும் பனி கிடக்கும், மணல் மேலே பொருக்குப் போல இறுகியிருக்கும். மே மாதம் நுளம்புக் கடி. “கையில்லாத சட்டை போட்டு வருகிறவர்கள் அரை மணித்தியாலத்தில் திரும்பி ஓடுவார்கள்” என்பார். ஜூனில் ரொறன்ரோவில் வெயில் எறிக்க, அங்கே பனிப்புகார் மூடி பக்கத்தில் நிற்கும் ஆளைத் தெரியாது. ஜூலையில் பதினொரு மணிக்குப் பிறகு மணல் சுடும். சப்பாத்து வேண்டும், தண்ணீர் வேண்டும், மேலே ஒரு துண்டு நிழல் கிடையாது. ஆகஸ்டில் இடி. செப்டம்பர் வந்தால்தான் அவர் குரல் கொஞ்சம் இளகும். “இன்றைக்கு நன்றாக இருக்கிறது” என்று அவர் வாயால் கேட்பதற்கு நான் செப்டம்பர்வரை காத்திருப்பேன்.

அந்தக் காலத்தில்தான் நாட்டில் வெப்பம் அளக்கும் பாகைக் கணக்கைப் பரனைட்டில் இருந்து செல்சியசுக்கு மாற்றினார்கள். வோல்ட்டர் பழைய கணக்கிலேயே சொல்வார். நான் தாளின் ஓரத்தில் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் பிரித்துப் புதுக் கணக்கில் வாசிப்பேன். தண்ணீர் பத்துப் பாகை என்று நான் சொன்னதும் ஒரு மனிதர், “ஜூன் மாதத்திலும் ஏரி உறைந்தா கிடக்கிறது?” என்று கேட்டார். பாவம், அவர் பழைய கணக்கில் நின்றார். நான் வேண்டிய மன்னிப்பைக் கேட்டேன், ஏரியின் சார்பில்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை எட்டரை இருக்கும். ஒரு பெண் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கி மணல்மலைக்குப் போக இன்று நல்ல நாளா என்று கேட்டார். அவர் சொன்ன ஒரு ‘ஆர்’ எழுத்தில் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அந்த வேலையில் சேர்ந்த நாளில் இருந்து ஒரு தமிழ்க் குரலும் அந்தக் கம்பியில் வரவில்லை. தெருவில்கூட ஒரு தமிழ்ச் சொல் காதில் விழ மாதக்கணக்காகும்.

“நீங்கள் தமிழோ?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் தொலைபேசி எதிலோ இடிபட்ட சத்தம் கேட்டது. பிறகு, “ஓம்! நீங்களுமோ? கடவுளே!” என்றார். “இஞ்சருங்கோ, தமிழாள் கதைக்குது!” என்று வீட்டில் யாருக்கோ சொல்வதும் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் மண்டை வேலை செய்யவில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், வந்து எவ்வளவு காலம். அவர் பெயர் செல்வராணி. பருத்தித்துறைப் பக்கம். கணவர் நடேசன் ஒரு பழைய நீலக் கார் வாங்கியிருக்கிறார். செல்வராணி நவம்பரில் கனடா வந்தவர், இன்னும் வெறுங்காலால் நிலத்தில் மிதிக்கவில்லையாம்.

“எங்கடை மணற்காடு மாதிரி இருக்கும் எண்டு இவர் சொல்லுறார். எனக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறந்தால் பிறகு எங்கை போறது? அதுதான் இண்டைக்கே போவம் எண்டு.”

“நல்லாப் போட்டு வாங்கோ. வானம் வெளிப்பு, காத்தும் இல்லை” என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஒரு பெரிய சிரிப்போடு அடுத்த அழைப்பை எடுத்தேன். அழைத்தவரும் மணல்மலையைத்தான் கேட்டார். தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். ‘பதினொன்றுக்குப் பிறகு மணல் கடுமையாகச் சுடும். வெறுங்காலுடன் ஏறவேண்டாம்.’ அந்த வரியில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வோல்ட்டர் அன்று காலை அந்த வரியை மட்டும் இரண்டு தரம் சொல்லியிருந்தார். நான் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன். பத்து நிமிடம் ஊர்க் கதை கதைத்த நான், அவர் அழைத்த காரியத்தைச் சொல்லவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி. வெறுங்காலால் நடக்கவேண்டும் என்றே போகிறவர்.

திருப்பி அழைக்க இலக்கம் தெரியாது. நடேசன் என்பதை வைத்துத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினேன், இல்லை. மணல்மலைக்கு அழைத்தேன். வோல்ட்டரின் கொட்டிலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலைச் செய்தியைச் சொன்னதும் அவர் ஜீப்பில் சுற்றக் கிளம்பிவிடுவார், மத்தியானம் ஆகும் திரும்ப. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அம்மணி தூர அழைப்புகளில் கண்டிப்பானவர். மூன்றாம் முறை நான் சுழற்றியபோது பின்னால் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“எடுக்கும்வரைக்கும் அழை” என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்து என்னுடைய மற்ற அழைப்புகளைத் தானே எடுக்கத் தொடங்கினார்.

காற்றுப்பதனி இருந்த கந்தோரில் எனக்கு வியர்த்து ஊற்றியது. பத்தரை. பதினொன்று. அவர்கள் இப்போது பெருந்தெருவில் எங்கே போய்க்கொண்டிருப்பார்கள் என்று சுவரில் இருந்த வரைபடத்தில் கண் ஓடியது. பதினொன்றரை. பன்னிரண்டு பத்துக்கு வோல்ட்டர் எடுத்தார்.

“ஒரு பெண். சேலை உடுத்திருப்பார். கர்ப்பிணி. அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அது என் பிழை.”

“சேலை எப்படி இருக்கும்?”

“நீளத் துணி. உடம்பைச் சுற்றி... கண்டால் தெரியும்.”

அவர் உடனே வைத்துவிட்டார்.

மணல்மலையில் நடந்ததைப் பிறகு செல்வராணியக்காவே எனக்குச் சொன்னார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரிய முகில் சூரியனை மறைத்திருந்தது. மணல் இதமாக இருந்திருக்கிறது. செருப்பைக் கீழே ஒரு புல்லுப் பற்றையடியில் கழற்றிவைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாராம். “எனக்கு அழுகை வந்திட்டுது தம்பி, அப்பிடி ஒரு சந்தோசம்” என்றார். முதல் மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் இறங்கியபோது முகில் விலகியது. கொஞ்ச நேரத்தில் மணல் அடுப்புத் தட்டுப் போலக் காய்ந்துவிட்டது. முன்னுக்கும் போகமுடியவில்லை, பின்னுக்கும் போகமுடியவில்லை. நடேசண்ணை தன் சட்டையைக் கழற்றி நாலாய் மடித்துப் போட்டு, மனைவியை அதன்மேல் நிறுத்திவிட்டுச் செருப்பெடுக்க ஓடினார். ஓடினவர் எந்தச் சரிவால் வந்தோம் என்று தெரியாமல் வேறு பக்கம் இறங்கிவிட்டார். அங்கே எல்லா மேடும் ஒரே மாதிரி.

அக்கா வயிற்றைப் பிடித்தபடி ஒரு சட்டையின்மேல் ஒற்றைக்கால் மாற்றி மாற்றி முக்கால் மணித்தியாலம் நின்றார். கூப்பிட்டார். பள்ளத்தில் இருந்து சத்தம் மேலே போகவில்லை. கண் இருட்டிக்கொண்டு வரும்போது மேட்டின் உச்சியில் ஒரு தொப்பி தெரிந்ததாம். நெட்டையான ஒரு வெள்ளைக்காரர் கையில் தண்ணீர்க் கேத்தலும் தோளில் ஒரு சோடி ரப்பர் பூட்சுமாக இறங்கி வந்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். மிச்சத்தைக் காலில் ஊற்றினார். பிறகு முழந்தாளிட்டு, கொப்புளம் உடையாமல், ஒவ்வொரு காலாகப் பூட்சுக்குள் விட்டார்.

“என்ரை அப்பர்கூட என்ரை காலைத் தொட்டிருக்கமாட்டார்” என்றார் அக்கா.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு வோல்ட்டர் அழைத்தார். அவர் பின்னேரத்தில் அழைத்தது அந்த ஒரு நாள்தான்.

“பெண் நலம். குழந்தையும் நலம், மருத்துவர் பார்த்துவிட்டார். புருஷனையும் கண்டுபிடித்தோம்” என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றும் சொன்னார். “சேலை சிவப்பு நிறம். உச்சி மேட்டில் இருந்து அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்தது.”

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அம்மணி எனக்கு முன்னால் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், கந்தோர்ப் படிகளில் காலில் துணி சுற்றிய ஒரு பெண் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“நீர்தானோ அந்த ஆள்?”

“ஓம் அக்கா.”

“என்ரை பள்ளிக்கூடம் கேட்டனீர். மாமன் மச்சான் எல்லாம் கேட்டனீர். மணல் சுடும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னனீரோ?”

நான் தலை குனிந்தேன். அவர் சிரித்துவிட்டார். நடேசண்ணை, “விடும், அவளும் கேட்க மறந்திட்டாள்தானே” என்றார். அப்போதுதான் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சென் ஜேம்ஸ் ரவுண். என் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். எட்டு மாதமாக ஒரே பாதையால் ஒரே சுரங்கரயிலுக்கு நடந்திருக்கிறோம், குளிர் அங்கிக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

பிள்ளை செப்டம்பரில் பிறந்தான். அடுத்த வருடம் அதே மாதத்தில், அவனுக்கு ஒரு வயது நிரம்பிய கையோடு, நீலக் காரில் நாலு பேரும் மணல்மலைக்குப் போனோம். நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். வாயால் சொல்லிச் சொல்லி எனக்குள் கட்டிவைத்திருந்த மலையைவிட உயரம் குறைவு, நிறம் வெளிறல். ஆனால் அந்த வெளிச்சத்தை வோல்ட்டர் எனக்குச் சொன்னதே இல்லை. அக்கா கழுவித் துடைத்த பூட்சுகளை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் பிள்ளையை ஒரு கையால் தூக்கி, மணலில் அவன் காலை மெல்ல வைத்துப் பார்த்தார்.

“இன்றைக்கு நன்றாக இருக்கிறது” என்றார்.

அந்த விசாரணைக் கந்தோர் பிறகு மூடப்பட்டது. வோல்ட்டர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு காலை எட்டு மணிக்கு யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நடேசண்ணை போய்ப் பத்து வருடம். செல்வராணியக்கா மகனோடு மோர்னிங்சைட்டில் இருக்கிறார். தாய் வயிற்றில் ஏழு மாதத்தில் மணல்மலை ஏறின அந்தப் பிள்ளைக்கு இப்போது முன்மண்டை வழுக்கை. அக்கா உச்சிவெயிலில் நின்ற பள்ளத்தை, சில வருடங்களுக்கு முன் போனபோது தேடினேன். மணல் நகர்ந்து எப்போதோ நிரவிவிட்டது.

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். என் பெயரைப் பார்த்துவிட்டு, “வணக்கம் அங்கிள், வியாழக்கிழமை ஒன்பதரைக்கு உங்கடை அப்பொயின்ட்மென்ட்” என்றாள். நல்ல துலக்கமான தமிழ். நான் “ஓம் பிள்ளை, வாறன்” என்று சொல்லி வைத்தேன்.

எந்த ஊர் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.